கிட் லென்ஸை வைத்தே நல்ல படம் எடுக்கலாம்: 18-55 வைத்திருப்பவர்களுக்கு

கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸைப் பற்றி (18 மி.மீ. அகலக் காட்சியிலிருந்து 55 மி.மீ. நெருக்கக் காட்சி வரை ஸூம் ஆகும் லென்ஸ்) யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. கேமரா வாங்கிய மறுவாரமே "இதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு 50 எம்எம் வாங்கு" என்று ஒரு நண்பராவது சொல்லியிருப்பார். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இந்த லென்ஸில் எது உண்மையிலேயே குறை, எது நம் பழக்கத்தின் குறை என்று பிரித்துப் பார்த்துவிடுவது பணத்துக்கு நல்லது. என்னைக் கேட்டால் இதற்கு இருக்கும் பெரிய குறை ஒன்றுதான்: உள்ளே விடும் வெளிச்சம் குறைவு. துல்லியமும் நிறமும் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குத் தாராளமாகப் போதும்.

வெளிச்சம் ஏன் குறைவு? விலைதான் காரணம். 2003-இல் கேனான் 300டி வந்தபோது, ஆயிரம் டாலருக்குள் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே வாங்கலாம் என்ற நிலை முதன்முதலாக வந்தது. அதில் லென்ஸின் பங்கு வெறும் 100 டாலர். அந்த விலைக்குள் அடக்க வேண்டுமென்றால் கண்ணாடிகள் சின்னதாக இருக்க வேண்டும், உடம்பு பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இன்றைக்கும் கேனானின் 18-55 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸின் எடை 205 கிராம். கிட்டத்தட்ட அதே ஸூம் அளவுகளைத் தொடும், ஆனால் ஸூம் முழுக்க எஃப் 2.8 தரும் (எஃப் எண் சின்னதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்) 17-55 லென்ஸோ 645 கிராம். அந்த 440 கிராம் பெரும்பாலும் வெளிச்சத்துக்காகச் சுமக்கும் கண்ணாடிதான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, வெளிச்சம் தாராளமாக இருக்கும் இடத்தில் இந்த லென்ஸை வேலை வாங்குவது. இல்லாத இடத்தில் அதன் பலவீனத்தைத் தெரிந்து சமாளிப்பது. கீழே சொல்லும் எண்கள் 18-55-க்கானவை. சோனியின் 16-50, கேனானின் புதிய 18-45 போன்றவை வைத்திருப்பவர்களுக்கு எண்கள் கொஞ்சம் மாறும், முறை மாறாது.

கிளம்பும் முன் கேமராவில் செய்ய வேண்டியவை

ஆட்டோ மோடிலிருந்து வெளியே வாருங்கள். முழு மேனுவலுக்கும் போக வேண்டாம், இப்போதைக்கு அது வீண் தலைவலி. கேனானில் ஏவி, நிக்கானிலும் சோனியிலும் ஏ என்று போட்டிருக்கும் மோடுக்கு மாற்றுங்கள். அதில் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, நீங்கள் வைப்பீர்கள். ஷட்டரை, அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே விழ வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும்.

ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற எண்) ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 3200 என்று வையுங்கள். மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் வைக்கும் வசதி இருந்தால் 1/125 விநாடி கொடுங்கள். விலை குறைந்த பழைய கேமராக்கள் பலவற்றில் அது இருக்காது. அப்போது ஷட்டர் எண்மேல் ஒரு கண் இருக்கட்டும். 55-இல் எடுக்கும்போது 1/80-க்குக் கீழே இறங்கினால் கை ஆட்டம் படத்தில் தெரியத் தொடங்கும். லென்ஸில் ஐஎஸ் அல்லது விஆர் (கை ஆட்டத்தைத் தணிக்கும் வசதி) இருந்தால் இன்னும் இரண்டு மூன்று படி கீழே போகலாம் (ஒரு படி என்றால் ஷட்டர் நேரம் இரண்டு மடங்கு). ஆனால் அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் தாங்கும், எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தாது. குழந்தைக்கு 1/250-ஆவது வேண்டும், ஓடினால் 1/500.

அந்த ஐஎஸ் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிக்கானின் ஏஎஃப்-பி 18-55-இல் சுவிட்சே கிடையாது, கேமரா மெனுவுக்குள் தேட வேண்டும்.

அடுத்தது ஃபோகஸ். வாங்கியபடியே விட்டால் எங்கே ஃபோகஸ் வைப்பது என்பதைக் கேமராவே முடிவு செய்யும். பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்கும். நீங்கள் தாத்தாவை எடுப்பீர்கள், அது அவர் முன்னால் இருக்கும் காபி டம்ளரைத் துல்லியமாக எடுத்துத் தரும். "லென்ஸ் ஷார்ப்பாக இல்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு ஃப்ரேமைச் சரிசெய்து எடுங்கள். புது மிரர்லெஸ் கேமராக்களில் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையே நம்பலாம்.

படத்தை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் இரண்டிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ரா எதற்கென்று பின்னால் வருகிறேன்.

3.5-5.6 என்ற அந்த இரண்டு எண்கள்

லென்ஸின் முகப்பில் 1:3.5-5.6 என்று எழுதியிருக்கும். 18-இல் வைத்தால் அதிகபட்சம் எஃப் 3.5 வரை திறக்கும், 55-க்குத் திருகினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இடையில் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். கணக்குப் போட்டால் 18-இல் கிடைக்கும் வெளிச்சம் 55-இல் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்கு. மங்கலான அறைக்குள் நிற்கிறீர்கள் என்றால் ஸூம் செய்யாமல் இரண்டு அடி முன்னால் போய் 18-20-இல் எடுப்பதே ஷட்டரைக் காப்பாற்றும்.

ஃபிளாஷ் போட்டு மேனுவலில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப் 3.5 வைத்துவிட்டு ஸூம் செய்தால் லென்ஸ் தானாக 5.6-க்கு இறங்கி, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஆரம்பத்திலேயே எஃப் 5.6 வைத்துவிட்டால் ஸூம் முழுக்க அதே அளவில் நிற்கும். தாழ்வான கூரையில் ஃபிளாஷைத் திருப்பி அடித்து எடுத்தால் 5.6 தாராளமாகப் போதும்.

நல்ல வெயிலில் எந்த எண்? எஃப் 8. யோசிக்கவே வேண்டாம். எந்த லென்ஸையும் முழுக்கத் திறந்தால் ஓரங்கள் கொஞ்சம் சொதப்பும், கிட் லென்ஸில் இது கூடுதலாகவே தெரியும். ஒன்றிரண்டு படி மூடி 8-க்கு வந்தால் மூலைகளும் தெளிந்துவிடும். எஃப் 8-இல் எடுத்த படத்தை ஏ4 அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்டினால், இது கிட் லென்ஸ் படம் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதற்காக இன்னும் மூடினால் இன்னும் தெளிவு என்று 16, 22 என்று போகாதீர்கள். துளை ரொம்பச் சின்னதானால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மொத்தமாகவே மெத்தென்று ஆகிவிடும்.

பின்னணியை மங்கலாக்குவது

எல்லோரும் கேட்பது இதைத்தான். "எஃப் 1.8 இல்லாமல் பின்னணி ப்ளர் ஆகுமா?" ஆகும். ஆனால் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 3.5 என்பது 5.6-ஐவிட அகலம், அதனால் 18-இல் வைத்தால்தான் ப்ளர் அதிகம் என்று நினைக்கிறார்கள்.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை (18, 55 என்ற அந்த மி.மீ. எண்ணை) துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் துளை சுமார் 5 மி.மீ. 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஆளைப் படத்தில் ஒரே அளவில் வைத்து எடுத்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் துளைதான். அதாவது எஃப் 5.6 என்று எழுதியிருந்தாலும் 55-இல்தான் இரண்டு மடங்கு ப்ளர் கிடைக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாட்டியைத் திண்ணையிலோ வாசற்படியிலோ உட்கார வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். வெயில் பட்ட தரை எதிரே இருந்து, அங்கிருந்து திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழுந்தால் அதைவிட நல்ல லைட் காசு கொடுத்தாலும் கிடைக்காது. லென்ஸை 55-க்குத் திருகுங்கள், எஃப் 5.6. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, அவரிடமிருந்து ஒன்றரை மீட்டரில் நில்லுங்கள். தலையிலிருந்து மார்பு வரை ஃப்ரேமில் அடங்கும். இந்தத் தூரத்தில் துல்லியமாக வரும் ஆழம் சுமார் 15 செ.மீ.தான், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கும் காதும் உள்ளே வரும், அவ்வளவுதான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பாட்டிக்கு ஒரு முழம் பின்னால் சுவர் இருந்தால் சுவரில் ஒட்டிய தேர்தல் போஸ்டரின் எழுத்தைக்கூடப் படிக்கலாம். அவரைக் கொஞ்சம் திருப்பி உட்கார வைத்து, பின்னால் ஐந்தாறு மீட்டர் திறந்த முற்றமோ தெருவோ இருக்கும்படி செய்யுங்கள். அதே லென்ஸ், அதே எண், பின்னணி கரைந்துவிடும். 1.8 லென்ஸைப் போல வெண்ணெயாக உருகாது என்பது உண்மை. ஆனால் முகம் தனியாக எழுந்து நிற்கும். பின்னணி கருமையாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் இன்னும் நன்று: நிழல் விழுந்த மாமரம், கதவு திறந்த இருட்டு ரேழி.

இதே படத்தை 18-இல் எடுக்க வேண்டுமானால் அரை மீட்டருக்கு உள்ளே முகத்தருகே போக வேண்டும். பாட்டியின் மூக்கு பூதாகரமாகிவிடும். அப்புறம் அவர் உங்களிடம் படம் எடுக்க உட்காரவே மாட்டார்.

18-ஐ எப்போது பயன்படுத்துவது

இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் 18-க்குப் போகாதீர்கள். அது எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டு எதையும் சின்னதாக்கும். கடற்கரைக்குப் போய் 18-இல் கடலை மட்டும் எடுத்தால் பாதி வானம், பாதி மணல், நடுவில் ஒரு நீலக் கோடு. முன்னால் ஏதாவது ஒன்று பெரிதாக வேண்டும்: கட்டுமரத்தின் மூக்கு, காய வைத்த வலை, ஈர மணலில் கால்தடம். முட்டி போட்டு அதற்குப் பக்கத்தில் போங்கள்.

கிட்டத்தில் இருப்பதும் தொடுவானமும் சேர்ந்தே தெளிவாக வர ஒரு கணக்கு உண்டு. 18 மி.மீ., எஃப் 8, சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருளில் ஃபோகஸ். இப்படி வைத்தால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக வரும். ஃபோகஸ் பிடித்த பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டால் அது நகராது. தெருவில் நடந்துகொண்டே எடுப்பதற்கும் இதே அமைப்பு பிரமாதம். ஃபோகஸுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

கட்டடங்களில் வேறு பிரச்சினை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்பக்கமாக விழுவதுபோல வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது கூம்பாகச் சுருங்கிப்போகும். நூறு மீட்டருக்கு மேல் பின்னால் வந்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, சாய்க்காமல் நேராக வைத்தால் 18-இல் கலசம் வரை முழுக்க அடங்கும். கீழ்ப்பாதியில் தரை நிறைய வரும், அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய பிராகாரம் அங்கே இருக்கிறது. நந்தி மண்டபம் மறைக்காதபடி கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் சரி. கோயில் கிழக்கு பார்த்தது, ஆகவே முன்பக்கத்தில் வெயில் விழுவது காலையில். ட்ரைபாட் கொண்டு போவதாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பூவும் கம்மலும்

கிட் லென்ஸின் பலம் என்று யாரும் சொல்லாத ஒன்று, அது ரொம்பக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் என்பது. கேனானின் 18-55 ஐஎஸ் எஸ்டிஎம், நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 இரண்டிலும் 25 செ.மீ. வரை நெருங்கலாம். அந்த 25 என்பது லென்ஸ் முகப்பிலிருந்து அளப்பதல்ல, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் மேல்பக்கத்தில் கோடு பாய்ந்த ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதுதான் சென்சார் இருக்கும் இடம். ஆக, லென்ஸ் முகப்புக்கும் பூவுக்கும் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளிதான் மிஞ்சும். கேனானின் 18-55 ஐஎஸ் எஸ்டிஎம்-இல் 55-க்குத் திருகி முடிந்தவரை நெருங்கினால், ஆறு செ.மீ. அகலமுள்ள பொருள் ஃப்ரேமை நிறைத்துவிடும். ஒரு செம்பருத்தியின் நடுப்பகுதி, ஜிமிக்கி, கோலத்தில் ஒரு சிக்கு. உங்கள் நிழலே பொருள்மேல் விழாமல் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். எஃப் 8. இவ்வளவு கிட்டத்தில் மூச்சு விட்டாலே ஃபோகஸ் நகரும், ஐந்தாறு படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிச்சம் இல்லாதபோது

இங்கேதான் இந்த லென்ஸ் திணறும். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரரின் எல்இடி லைட் எரியும்போது அதன் பக்கமாக நின்றுகொள்வது பழைய தந்திரம். அவர் முறைத்தால் சிரித்துவிடுங்கள். வீட்டில் என்றால் ஆளை ஜன்னலுக்கோ விளக்குக்கோ பக்கத்தில் நகர்த்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்க்கலாம், ஆடிப்போன படத்தை அழிக்கத்தான் வேண்டும்.

அசையாத பொருள் என்றால் கதையே வேறு. கேமராவை ட்ரைபாடிலோ மதில்மேலோ வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் பல விநாடி திறந்திருக்கும். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும், லென்ஸின் ஒரே குறை அடிபட்டுப் போகும். ட்ரைபாடில் வைக்கும்போது ஐஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

கார்த்திகை தீபத்தன்று இதைச் செய்து பாருங்கள். முழு இருட்டில் எடுத்தால் அகல்கள் மட்டும் மஞ்சள் பொட்டாக இருக்கும், வீடு தெரியாது. சூரியன் மறைந்த பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் வானத்தில் ஆழ்ந்த நீலம் இருக்கும், விளக்கின் மஞ்சளும் அதற்குச் சமமாக நிற்கும். நம் ஊர்ப் பக்கம் அந்தி சீக்கிரம் போய்விடும், ஆகவே விளக்கேற்றும் முன்பே கேமராவை நிறுத்தி ஃப்ரேமை முடிவு செய்து வையுங்கள். விளக்கேற்றும் அம்மா படத்தில் வேண்டுமென்றால் இரண்டு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். முடிந்தால்.

ஃபில்டரும் பூஞ்சையும்

கடையில் கேமராவோடு சேர்த்து "ஃப்ரீ" என்று மாட்டித் தரும் யூவி ஃபில்டர் ஒன்று இருக்கும். வெயிலுக்கு எதிராகவோ இரவில் தெருவிளக்குகளையோ எடுக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். மலிவுக் கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பி, படத்தில் பச்சை நிறப் பேய் உருவங்கள் வரும், கறுப்பு வெளுத்துப்போகும். இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடலோர ஊர்களில் லென்ஸின் எதிரி தூசி அல்ல, பூஞ்சை. கேமரா பையை அலமாரிக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் வலை பின்னிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் முகப்பு முழுக்க ஆவி படியும்.

எடுத்த பிறகு

மலிவு லென்ஸ்கள் 18-இல் நேர்கோட்டைக் கொஞ்சம் வளைக்கும், மூலைகளை இருட்டாக்கும், மரக்கிளை விளிம்பில் ஊதாக்கோடு போடும். இவை மூன்றையும் மென்பொருள் சரிசெய்துவிடும். லைட்ரூம் என்ற மென்பொருளில் லென்ஸ் கரெக்ஷன் என்ற பகுதியில் ஒன்றிரண்டு டிக் போட்டால் போதும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். ஜேபெக்கில் எடுப்பவர்கள் கேமரா மெனுவிலேயே இந்தத் திருத்தத்தை ஆன் செய்யலாம். ரா வைத்திருந்தால் நிழலில் மூழ்கிய முகத்தைத் தூக்கவும் வெள்ளைச் சமநிலையை மாற்றவும் நிறைய இடம் கிடைக்கும்.

இதனால் ஆகாதவை

வேடந்தாங்கலுக்கு 18-55-ஐ எடுத்துக்கொண்டு போனால் நாரைகள் மரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். இரவு நேரக் கபடி, மேடை நாட்டியம், இருட்டு அரங்கில் கச்சேரி, இவற்றுக்கும் இது சரிப்படாது. முயற்சி செய்யலாம், ஆனால் படம் வரவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

எப்போது அடுத்த லென்ஸ் வாங்குவது என்பதற்கு உங்கள் படங்களே பதில் சொல்லும். சில மாதம் எடுத்தபின் மென்பொருளில் எந்த ஸூம் எண்ணில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று வடிகட்டிப் பாருங்கள். பிடித்த படங்கள் எல்லாம் 55-இல் முட்டி நிற்கின்றன என்றால் 55-250, 70-300 போன்ற ஒன்று. ஐஎஸ்ஓ எப்போதும் 3200-இல் நிற்கிறது என்றால் 35 அல்லது 50 எஃப் 1.8, எஃப் 5.6-இல் கிடைப்பதைப் போலப் பத்து மடங்கு வெளிச்சம் கிடைக்கும். சின்ன வீட்டுக்குள் 50 நெருக்கமாக இருக்கும், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும், 35 வசதி. நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைவு என்று பழைய 50 எஃப் 1.8டி-ஐ வாங்கிவிட்டால் அதில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, ஏனென்றால் லென்ஸை ஓட்டும் மோட்டார் அந்தக் கேமராக்களில் இல்லை. கடையில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.